கூட்டிப் போட்ட கோடு

எனக்குப் பேய், பிசாசு, ஆவி இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். வீட்டில் யாராவது பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்தால் பிரம்பை எடுத்துவிடுவார். நானோ நாற்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள், எத்தனையோ பேர் என் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பி வந்து, எஸ்தர் சௌக்கியமா என்று கேட்டதில்லை. அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, கிழவிக்கு எண்பது தாண்டி மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. கோபப்படுவதற்குத் தெம்பும் இல்லை.

இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் விருதுநகரில் எனக்கு எக்கோ எடுத்தார்கள். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, இருதயத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். மெஷின் பார்க்கிற பெண் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. எனக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியாது. அந்த மெஷினில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சின்ன நகர்த்தும் குமிழ்கள் இருந்தன, இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"இது சத்தத்த வச்சு எடுக்கிற படம்மா, ஆனா காதுக்குக் கேக்காது. உள்ள போற சத்தம் ஆழத்துக்குப் போகப்போகத் தேஞ்சு போயிரும். திரும்பி வர்றது கொஞ்சமாத்தான் வரும். எம்புட்டுத் தேஞ்சிருக்கோ அம்புட்டையும் நாங்க இதுல கூட்டி வச்சுக்கிடுவோம்" என்றாள்.

ரொம்பக் கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியும்மா" என்றாள்.

அவளுக்கு அது வேலைப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் மெஷின் இல்லாமல், வெறும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, அதே வேலையை நான் செய்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. சிவகாசியில் எட்டுக் கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. ஒரே ஒரு டாக்டர்தான், ஆனாலும் ஊரில் எல்லாரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு ஒரு கம்பவுண்டர், நான், ஒரு ஆயா. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சீசன் என்பார்கள், பட்டாசுக் கம்பெனிகளில் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடக்கும், எங்களுக்கும் அதே சீசன்தான், கை வெந்தவன், கண் போனவள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அந்த இரண்டு மாதமும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

நான் அங்கே சேர்ந்த முதல் சீசனிலேயே ஒரு விபத்துக்கு டாக்டருடன் போயிருந்தேன். ஒரு அறை வெடித்து முடிந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போனோம், பக்கத்து அறை அப்புறம் வெடித்தது. எனக்கு வெளிக்காயம் ஒன்றும் இல்லை. வலது காது மட்டும் அன்றோடு போய்விட்டது. அரைகுறையாகக்கூட இல்லை, சுத்தமாகப் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆட்களை என் இடது பக்கமாகவே நிற்க வைத்துப் பேசப் பழகினேன். வலது பக்கமிருந்து கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை, அதனால் ஆயா எனக்குத் தலைக்கனம் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் நெஞ்சுச் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை நோட்டில் கோடாகப் போடுவார். மூன்று கோடு என்றால் நல்ல சத்தம், இரண்டு என்றால் சுமார், ஒன்று என்றால் மோசம். நானும் அதேபோல் போட வேண்டும். அவர் மூன்று போட்ட ஆளுக்கு என் ஒற்றைக் காதில் இரண்டுதான் கேட்டது. அவர் இரண்டு போட்டால் எனக்கு ஒன்று. நான்கைந்து நாள் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன், கேட்டதோடு ஒரு கோடு கூட்டிப் போட்டுவிடுவது. ஒரு வருஷம் ஒரு தப்பும் வரவில்லை. உனக்குப் பாம்புச் செவி எஸ்தர் என்று டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு உள்ளே கூசும், ஆனால் சிரித்துவைப்பேன்.

மறு சீசனில் வேலாயுதம் வந்து சேர்ந்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ஆள், முப்பது வயதிருக்கும். இவனுக்கு வெடி விபத்தெல்லாம் இல்லை, வியாதிதான். இருதயத்தைச் சுற்றி இருக்கிற பையில் நீர் கட்டியிருந்தது. நீர் கூடக்கூட இருதயம் விரிய இடமில்லாமல் நெரிபடும், சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி அடங்கிக்கொண்டே போகும். டாக்டர் நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு ஒரு டம்ளருக்கு மேல் நீர் எடுத்தார். மறுபடி கூடலாம் என்று அரை மணிக்கு ஒரு தரம் சத்தம் கேட்டுக் கோடு போடச் சொன்னார். வேலாயுதத்தின் பெண்டாட்டி மாரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளையின் வேலை கைவிட்டுப் போகக் கூடாது என்று அவளுடைய அண்ணன் கருப்பசாமி கம்பெனி மருந்து அறையில் அவனுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குச் சத்தத்தைவிடக் கால் வழியாகத்தான் முதலில் தெரிந்தது. சிவகாசியில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்று மட்டும்தான் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பெனி வேன் வந்து நின்றது, தாயில்பட்டி என்றார்கள், வேலாயுதம் வேலை பார்க்கிற அதே கம்பெனி, அதே மருந்து அறை. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கம்பவுண்டரோடு ஏறினார். ஏறும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"எஸ்தர், அவனுக்கு ரெண்டு கோட்டுக்குக் கீழ போச்சுன்னா யோசிச்சுக்கிட்டு இருக்காத. உடனே ஆள் அனுப்பு. நான் என்ன வேலையில இருந்தாலும் வந்துருவேன்."

மாரி அழவில்லை. "எங்க அண்ணன் இன்னைக்கு அந்த அறையிலதான்க்கா" என்று மட்டும் சொன்னாள். புருஷனை விட்டுவிட்டு எழுந்து போகவும் முடியாது. அப்புறம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கும் பதினொன்றரைக்கும் கேட்டேன், இரண்டு. மூன்று போட்டேன். பன்னிரண்டுக்கு ஒன்றுதான் கேட்டது. இரண்டு போட்டேன். நோட்டுப்படி அவன் இன்னும் தப்பித்துத்தான் இருந்தான். பன்னிரண்டரைக்கு வைத்தபோது கேட்டது ஒரு கோடு பெறுமா என்பதே சந்தேகம். அப்போதே ஆள் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அங்கே எத்தனை பேர் வெந்து கிடக்கிறார்களோ, அவர்களை விட்டுவிட்டு டாக்டர் ஓடிவந்து, காதை வைத்துப் பார்த்து, சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது, உனக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டால் என் கதை முடிந்தது. இரண்டு என்றே எழுதினேன். நேற்று ராத்திரியும் தூக்கமில்லை, களைப்பில் அப்படித் தோன்றியது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"சத்தம் எப்படிக்கா இருக்கு?" என்று மாரி கேட்டாள்.

நல்லா இருக்கு மாரி என்றேன்.

"ஒங்க காது சொன்னா அம்புட்டும் சரியா இருக்கும்னு டாக்டர் சொன்னாக" என்றாள்.

நான் நோட்டை மூடித் தலைமாட்டில் வைத்தேன்.

ஒரு மணிக்கு மறுபடி வைத்தேன். பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, ஆயா வராந்தாவில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறாள், பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை. அழுத்திப் பார்த்தேன், அவனை முன்னால் சாய்த்து வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்போதுதான் கேட்டது. நம்பினால் நம்புங்கள், செத்துப்போன என் வலது காதில் கேட்டது. லப் டப், லப் டப் என்று நிதானமாக, கதவைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு துலக்கமாக.

எனக்கு முதலில் பயம் வரவே இல்லை, சந்தோஷம்தான் வந்தது. காது திரும்பிவிட்டது, கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோட்டை எடுத்து மூன்று கோடு போட்டேன். மாரி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் பழக்கத்தில் என் விரல் அவன் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே நாடி நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, எண்ணினேன், நூற்று முப்பதுக்கு மேல். காதில் கேட்பதை எண்ணினேன், சரியாக அறுபது. ஒரே மனிதனுக்கு நெஞ்சில் அறுபதும் கையில் நூற்று முப்பதும் எப்படி இருக்கும்?

வலது காதுக் குழலை எடுத்தேன், சத்தம் நின்றது. திரும்ப வைத்தேன், வந்தது. என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், இடது காதில் என் இருதயம் பதறி அடித்துக்கொண்டிருந்தது, வலது காதில் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டடம் அச்சாபீஸ், காலண்டர் அடிக்கிற மெஷின் ஓடினால் சுவரே அதிரும், அதுவாக இருக்குமோ என்று சுவரில் வைத்துப் பார்த்தேன், கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மெஷின் எங்கே ஓடியது? அங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் தாயில்பட்டியில், காலையிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வேலாயுதத்தின் நெஞ்சில் வைத்தால் மட்டும் கேட்டது. அது அவனுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

ஆனால் எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகத் தெரிந்தது வேறு. அவனுடைய இருதயச் சத்தம் எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை என்பதுதான் நிஜம், காலையிலிருந்து நான் எழுதியதெல்லாம் பொய். இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் அது கணக்கு. ஒன்றுமே இல்லாததோடு ஒன்றைக் கூட்டினால் ஒரு மனுஷன் செத்துப்போவான். மூன்று கோட்டையும் அடித்துவிட்டுக் கீழே சைபர் போட்டேன். அச்சாபீஸ் போர்மேன் மட்டும் காவலுக்கு இருந்தார், கையெடுத்துக் கும்பிட்டு அவரை முதலாளி வீட்டு வண்டியில் தாயில்பட்டிக்கு ஓடச் சொன்னேன். மாரியிடம் வந்து, நான் தப்பாச் சொல்லிட்டேன் மாரி, நீர் கூடிருச்சு, டாக்டர் வர்றாரு என்றேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு கை மணிக்கட்டில், ஒரு கை ஸ்டெதாஸ்கோப்போடு நெஞ்சில். கேட்க வேண்டாம் என்று நினைத்தாலும் விட முடியவில்லை, அந்த நிதானமான சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் பயம்கூடக் குறைந்துவிட்டது, யாரோ களைத்துப்போன ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு துணையாக இருந்தது. ஒன்றே முக்காலுக்கு அது நின்றது. நின்றது என்றால் தேய்ந்து நிற்கவில்லை. லப் என்று வந்தது, டப் வரவில்லை. வேலாயுதம் போய்விட்டான் என்றே நினைத்தேன். மணிக்கட்டில் நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் வந்தபோது இரண்டரை ஆகியிருக்கும். சட்டையெல்லாம் கரி, வெள்ளி மாதிரி மின்னுகிற மருந்துத் தூள். கை கழுவிவிட்டு நேரே ஊசியை எடுத்தார். இன்னும் அரை மணி போயிருந்தால் ஆள் இல்லை என்றார். வேலாயுதம் பிழைத்துக்கொண்டான், அப்புறம் ரொம்ப வருஷம் இருந்தான். டாக்டர் நோட்டைப் பார்த்தார். அடித்திருந்த மூன்று கோட்டையும் அதன் கீழே சைபரையும் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூணுல இருந்து சைபருக்கு எப்படிப் போச்சு என்று கேட்டார். தப்பா எழுதிட்டேன் டாக்டர் என்றேன். மறுநாளிலிருந்து என்னிடம் பேச வரும்போதெல்லாம் அவராகவே என் இடது பக்கம் வந்து நின்றார், நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவரை.

கம்பவுண்டர் சாயந்தரம்தான் திரும்பினார். பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துகொண்டு, மாரிக்குக் கேட்காமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார். கருப்பசாமி இறந்துவிட்டான்.

"அம்புட்டுக் காயத்துலயும் அவன் நாடி பதறவே இல்ல சிஸ்டர். நிதானமா அறுபது அடிச்சது. டாக்டரே நம்பாம ரெண்டு தடவ எண்ணிப் பாத்தாரு. அவன் கையப் பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தாரு. நீங்க அனுப்பின ஆள் வந்து கூப்பிடவும் கைய விட்டுட்டு எந்திரிச்சாரு. அம்புட்டுத்தான், போயிட்டான்."

எத்தனை மணி என்று கேட்டேன். ஒண்ணே முக்கால் இருக்கும் என்றார்.

மாரிக்கு நான்தான் சொன்னேன். அவள் வெகுநேரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இருந்தாள், பக்கத்தில் புருஷன் அப்போதுதான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான், அவனை எழுப்பிவிடக் கூடாதாம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க அண்ணன் நெஞ்சுல யாராச்சும் காது வச்சுப் பாத்தாகளாக்கா?"

டாக்டர் கூடவே இருந்தாரு மாரி என்றேன். அது பொய் இல்லை. ஆனால் கடைசி அடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவள் நான், அதை நான் சொல்லவில்லை. சொன்னால் எந்தக் காதில் கேட்டது என்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து என்ன எழுதினேன் என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு பதில் என்னிடம் இருந்தது, என் வேலைக்குப் பயந்து அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். மாரி வருஷா வருஷம் தீபாவளி முடிந்ததும் சேவு வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருவாள். ஒவ்வொரு தரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், பேச்சு வேறெங்கேயோ போய்விடும். அவளும் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது.

பிற்பாடு ஒரு காது டாக்டரிடம் பொதுவாகக் கேட்பது மாதிரி கேட்டுப் பார்த்தேன். நரம்பு செத்த காதில் சில பேருக்கு இல்லாத சத்தம் கேட்கும் என்றார். இருக்கலாம், நானே அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் மணி பார்த்து நிற்குமா என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் காதில் ஒரு ஈயின் சத்தம்கூடக் கேட்டது கிடையாது, போன மாதம் வரைக்கும்.

அந்த எக்கோ எடுத்த பெண் என்னை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தாள். இருதயத்தின் பின்பக்கத்துச் சுவர் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே கீழே இருந்த குமிழ்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கூட்டினாள். மெஷினில் சத்தமே இல்லை. தலையணையில் பதிந்திருந்தது என் இடது காது, மேலே இருந்தது வலது. அதில் டப் என்று கேட்டது. முதலில் அது மட்டும்தான் கேட்டது, தனியாக, அன்றைக்கு வராமல் போன அந்த டப். அதற்கப்புறம்தான் லப் டப், லப் டப் என்று நிதானமாகத் தொடர்ந்தது.

என் விரல் தானாகக் கட்டிலில் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"கைய ஆட்டாதீகம்மா, படம் கலையுது. என்னத்த எண்ணுறீக?" என்றாள்.

எனக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டேன். திரையைப் பார்த்து, தொண்ணூத்தாறு, கொஞ்சம் வேகம்தான், பயப்படாதீக என்றாள். நான் தட்டிக்கொண்டிருந்தது அறுபது.

கருப்பசாமி, நான் கேட்டேன்யா, கடைசி வரைக்கும் கேட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அந்தப் பெண் யாரும்மா கருப்பசாமி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். போதும்மா, கூட்டினதைக் குறைத்துவிடு என்று கெஞ்சினேன். அவள் குமிழ்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். லப் என்றது, டப் வராமல் மறுபடி நின்றுவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு எக்கோ எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.